எல் என்றால் அவள்

ஒரு கொலையைச் சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் கட்டியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. இலக்கணம் பிசகாமல் எழுதப் போய் அப்படி ஆகிவிட்டது.

என் பெயர் கலைவாணி. சேதராப்பட்டில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. பிரெஞ்சில் வரும் மெஷின் கையேடுகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பேன். 'வால்வைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்' என்கிற மாதிரி இலக்கியம். பன்னிரண்டு வருடத்தில் என் வாசகர்களில் ஒருவருக்கும் விரல் போனதில்லை. இதைவிட நல்ல விமர்சனம் எந்த எழுத்தாளருக்கு வந்திருக்கிறது? நான் பிரெஞ்சு படித்த கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் குடும்பம் தவளக்குப்பம் பக்கம் நெல்லும் சவுக்கும் போடுகிற குடும்பம். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள், எடுத்தேன். மார்க் வந்தது. மொழியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இந்த என்னைத் தேடிக்கொண்டுதான் சில்வேன் வந்தார். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு பழைய பெரிய மாளிகை இருக்கிறது. அதை ஓட்டலாக்கி நடத்துகிறவர். தூணுக்கு மஞ்சள் வண்ணம், சன்னலுக்கு வெள்ளை, கொல்லைக் கிணற்றுக்கு ஒரு பெயர்ப்பலகை என்று ஒழுங்காகத்தான் நடத்திவந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அந்த வீட்டில் ஒரு துப்பறியும் படம் எடுத்தார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். படத்தின் பெயர் 'மூன்றாம் மாடி மர்மம்'. மனிதர் அலைந்து திரிந்து, சென்னையில் பழைய படப்பெட்டிகள் சேர்த்துவைக்கும் ஒருவரிடம் அதைக் கண்டுபிடித்துக் கணினிக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டலின் ஆண்டுவிழா அன்று முற்றத்தில் திரை கட்டிக் காட்ட வேண்டும், வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் சரியாகப் புரியாது, அதனால் பிரெஞ்சில் சப்டைட்டில் வேண்டும் என்றார். நான் இதுவரை பம்புகளுக்குத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். பேய்ப் படம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பார்த்தேன். முதலில் ஒரு விஷயம்: அந்த மாளிகைக்கு ஒரே ஒரு மாடி. மூன்றாம் மாடி வேண்டும் என்பதற்காகக் கதாநாயகன் ஒரே படிக்கட்டில் மூன்று தடவை ஏறுகிறான். இரண்டாம் தடவை ஒரு பூந்தொட்டியை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் தடவை அதற்கும் சோம்பல். பேய் என்பது கயிற்றில் ஓடும் வெள்ளைப் புடவை, கயிறு நன்றாகத் தெரிகிறது. கதாநாயகி பயந்து அலறுகிறாள், அலறிய கையோடு கடற்கரைக்குப் போய் ஒரு டூயட் பாடிவிட்டு வந்து மீதியை அலறுகிறாள்.

கதை இதுதான். யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று ஜமீன்தார் இரண்டாம் ரீலில் சொல்கிறார். மூன்றாம் ரீலில் செத்துப் போகிறார். சி.ஐ.டி. வருகிறார். சந்தேகத்துக்கு உரியவர்கள் நான்கு பேர். ஜமீன்தாரின் தம்பி, டாக்டர், வக்கீல், தங்கம் என்கிற வேலைக்காரி. தம்பிக்கு மெல்லிய மீசை. வாயில் பைப். யார் எதைச் சொன்னாலும் சிரிக்கிறான். அந்தக் காலத்துப் படத்தில் பைப் பிடித்தவன் யோக்கியனாக இருந்து நான் பார்த்ததில்லை. பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கையை நீட்டிச் சொல்லிவிடும், கொலைகாரன் அவன்தான் என்று.

ஆனால் கடைசி ரீல் இல்லை. சி.ஐ.டி. எல்லாரையும் கூடத்தில் நிறுத்தி, "கொலை செய்தவங்க இங்கேதான் இருக்காங்க" என்கிறார். கதவு திறக்கிறது. தங்கம் காபித் தட்டோடு உள்ளே வருகிறாள். அத்தோடு திரை வெள்ளையாகிவிடுகிறது. மிச்சம் எங்கே என்று படப்பெட்டிக்காரருக்கே தெரியாது.

ஒலி இன்னும் மோசம். வடசட்டியில் கடுகு பொரிகிற சத்தத்துக்கு நடுவே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. பாதி வசனம் பிடிபடாமல் சில்வேனிடம் முறையிட்டேன். படத்தில் நடித்தவர்களில் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், நாலு தெரு தள்ளித்தான் வீடு, போய்க் கேள் என்றார். அப்படித்தான் ஜெனவியேவ் மதாமிடம் போனேன்.

வயது எழுபத்தெட்டு. பருத்திப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் சுடோகு புத்தகம். வீட்டுக்காரர் சொல்தாவாக இருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் போய்விட்டு வந்து, பத்து வருடத்துக்கு முன் இதே வீட்டில் கண்ணை மூடினார். தங்கமாக நடித்தது மதாம்தான். படத்தின் தொடக்கத்தில் பெயர் போடும்போது அவர் பெயர் 'மற்றும் பலர்' என்பதற்குள் இருந்தது.

மெட்ராஸிலிருந்து வந்த வேலைக்காரி நடிகைக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். மாளிகையில் அப்போது சமையல்காரராக இருந்தவர் மதாமின் அப்பா. படப்பிடிப்புக்காரர்களுக்கு நிஜமாகவே காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த மகளைப் பிடித்து, அப்படியே வாம்மா என்று கேமரா முன்னால் நடக்க விட்டுவிட்டார்கள். "காபி ஆறிடப் போகுதுங்க" என்று படத்தில் நான்கு முறை சொல்கிறார். வேறு வசனமே இல்லை. கடைசி ரீலில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"தம்பிக்காரன்தான். வெத்தலைப் பொட்டில விஷம் வெச்சான். நான் அந்த ரீல்ல கெடையவே கெடையாது. காபி குடுத்துட்டுப் போனவ போனவதான்."

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வசனத்தைவிட ஊர்வம்பு அதிகமாகக் கிடைத்தது. மூன்றாம் முறை போனபோது கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம் ஒட்டி, தூக்கிப் போடு, யாருக்காவது கொடு என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. எழுதியவர் மகன் ரொலான். பதினேழு வயதில் பிரான்சுக்குப் போனவர். முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அம்மாவை அங்கே முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டு, மனைவி சோஃபியோடு வந்திறங்கியிருந்தார். ஆண்டுவிழா முடிந்த புதன்கிழமை, பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போய் வீட்டை விற்கக் கையெழுத்து. வியாழக்கிழமை விமானம். மதாமின் டிக்கெட்டையும் எடுத்தாயிற்று.

மதாமுக்குப் போக விருப்பமே இல்லை. இந்த வீட்டில் சாக வேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை, இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்றார். அதைச் சொல்லிவிட வேண்டியதுதானே மதாம் என்றேன்.

"கேட்டாத்தானே சொல்றது? அவன் கேக்கறதில்ல, கலா. சொல்றான். ரோடு தாண்டாத, மீன் சாப்டாத, இங்க கையெழுத்து போடுன்றான். அவனுக்கு நான் ஒரு பொட்டி. பேரு எழுதி ஒட்டல, அவ்ளோதான்."

படத்துக்கு மகனை அழைத்து வருவதாகச் சொன்னார். இந்தப் பொட்டியும் ஒரு காலத்தில் ஆளாக இருந்தது என்று அவன் பார்க்கட்டும், தன் வசனத்தை மட்டும் நன்றாக எழுதிவிடு என்றார். நான்கு முறை காபி ஆறுவதை எவ்வளவு நன்றாக எழுத முடியுமோ அவ்வளவு நன்றாக எழுதினேன். எனக்கு அந்த மகன்மேல் முகம் பார்ப்பதற்கு முன்பே கோபம் வந்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஜமீன்தார் சாவதற்கு முன்னால், "ராத்திரி வந்தாங்க. ஜன்னலாண்ட நின்னாங்க. சிரிச்சாங்க" என்கிறார். தமிழில் இது எவ்வளவு சௌகரியம் பாருங்கள். வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, ஒன்றும் சொல்லாமல் மரியாதையாகத் தப்பித்துக்கொள்ளலாம். படம் முழுக்க அந்த 'ஆங்க'வில்தான் ஓடுகிறது. பிரெஞ்சில் இந்த நழுவல் நடக்காது. 'இல்' என்றால் அவன். 'எல்' என்றால் அவள். ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டும். 'இல்' என்று எழுதினால் கொலைகாரன் ஆண் என்று இரண்டாம் ரீலிலேயே போட்டு உடைத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் பளிச்சென்று வந்தது. 'பெர்சோன்' என்று ஒரு சொல் உண்டு. ஆள் என்று அர்த்தம். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். ஆனால் இலக்கணப்படி அது பெண்பால். ஆகவே 'ஓர் ஆள் வந்தது' என்று ஒரு முறை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு 'எல்' போட்டால் இலக்கணமும் சரி, ரகசியமும் பத்திரம். மொத்தம் பதினான்கு 'எல்' போட்டேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கையேடு எழுதுகிற எவளுக்கும் இதில் தப்பு தெரியாது. பம்பும் 'எல்', வால்வும் 'எல்', மெஷினும் 'எல்'. பன்னிரண்டு வருடமாக நான் பார்த்த 'எல்' ஒன்றுக்குக்கூடப் புடவை இருந்ததில்லை.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணிக்குப் படம் தொடங்கியது. முற்றத்தில் நூறு நாற்காலி. வலது பக்கம் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களும் வெளிநாட்டு விருந்தாளிகளும். இடது பக்கம் ஊர்க்காரர்கள். யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை, தானாகவே அப்படி உட்கார்ந்தார்கள். இடது பக்கம் முதல் வரிசையில் என் அமிர்தவல்லி அத்தை. தவளக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். எந்தப் படமானாலும் வில்லனை மன்னிக்காதவள். வலது பக்கம் மூன்றாம் வரிசையில் ரொலான், சோஃபி, நடுவில் மதாம். நான் அவர்களுக்கு நேர் பின்னால்.

முதல் இரண்டு ரீலுக்குப் பஃப்ஸ் வினியோகம் நடந்தது. 'ஓர் ஆள் வந்தது' என்று நான் பாடுபட்டு எழுதிய அந்த வரி திரையில் வந்தபோது, வலது பக்கம் மொத்தமும் குனிந்து மடியில் விழுந்த பஃப்ஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது திரையில் இருந்தது 'எல்' மட்டும்தான். அவள் வந்தாள். அவள் நின்றாள். அவள் சிரித்தாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தங்கம் முதல் முறையாகக் காபித் தட்டோடு வந்தாள். சோஃபி கணவரின் கையைப் பிடித்து, வேலைக்காரிதான் என்று பிரெஞ்சில் கிசுகிசுத்தார். ரொலான் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆட்டினார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு யாராக இருக்க முடியும்? படத்தில் இருப்பதே இரண்டு பெண்கள். ஒருத்தி டூயட் பாடுகிறாள். மிச்சம் இருப்பவள் தங்கம்.

அதற்கு மேல் ஒரே திரையில் இரண்டு படம் ஓடியது. தம்பி பைப்பைப் பற்றவைத்தால் இடது பக்கம் உறுமியது. வலது பக்கம் அவனைப் பார்த்துப் பாவப்பட்டது. தங்கம் வந்தால் இடது பக்கம் கொட்டாவி விட்டது. வலது பக்கம் மூச்சை இழுத்துப் பிடித்தது. "காபி ஆறிடப் போகுதுங்க" என்று அவள் டாக்டரிடம் சொன்னபோது ஒரு வெள்ளைக்கார அம்மாள், குடிக்காதே என்று வாய்விட்டுச் சொன்னார். ரொலான் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். பத்தொன்பது வயதில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நடிக்கத் தெரியாததால் வந்த முகம் அது. வலது பக்கத்துக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. நான் நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டே போனேன்.

கடைசியில் சி.ஐ.டி. எல்லாரையும் கூடத்தில் நிறுத்தினார். கொலை செய்த ஆள் இங்கேதான், 'எல்' இங்கேதான் என்று என் எழுத்து ஓடியது. கதவு திறந்தது. தங்கம் தட்டோடு உள்ளே வந்தாள். திரை வெள்ளையானது. விளக்குப் போட்டார்கள்.

சில்வேன் மைக்கைப் பிடித்து, கடைசி ரீல் கிடைக்கவில்லை, கொலையாளி யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னார். வினை அங்கே தொடங்கியது. அமிர்தவல்லி அத்தை எழுந்தாள். பைப் பிடித்தவன்தான், இதற்கு எதற்கு ஒரு சி.ஐ.டி. என்றாள். சோஃபி எழுந்து, வேலைக்காரி என்று எழுத்திலேயே இருக்கிறதே என்றார். இடது பக்கம் சிரித்தது. வலது பக்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சொல்தா தாத்தா எழுந்து, படிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றார். காது கேட்கிறவனுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று அத்தை திருப்பிக் கொடுத்தாள். சில்வேன் என்னைத் தேடினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தவள், தூணை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு வீரம்.

அப்போதுதான் சில்வேனுக்கு அந்த யோசனை வந்தது. படத்தில் நடித்த ஒருவர் நம் நடுவிலேயே இருக்கிறார், அவரையே கேட்போம் என்று மைக்கைக் கொண்டுபோய் ஜெனவியேவ் மதாமிடம் நீட்டினார். நூறு தலையும் திரும்பியது. ரொலான் வழக்கப்படி அம்மாவுக்குப் பதிலாகத் தானே பேசுவதற்கு மைக்கை வாங்கக் கை நீட்டினார். மதாம் அந்தக் கையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். ஊன்றிக்கொள்ளாமல் எழுந்து நின்றார்.

உண்மை அவருக்குத் தெரியும். வெற்றிலைப் பெட்டி, விஷம், தம்பி, எல்லாம் அவரே என்னிடம் சொன்னதுதான். அவர் முதலில் அத்தை பக்கம் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அந்த மகன் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதையும் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் அவருக்குக் கிடைக்காத ஒரு பார்வை அது. கொஞ்சம் பயம் இருந்தது. இவள் யார் என்கிற கேள்வியும் இருந்தது.

"ஸே முவா" என்றார் மைக்கில். பிறகு இடது பக்கத்துக்கும் தெரியட்டும் என்று தமிழில் சொன்னார். "நான்தான் கொன்னேன்."

அத்தை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அறுபது வருடப் படிப்பு அவளுக்கு ஒரு நொடியில் பொய்யாகிப் போனது. வலது பக்கம் கைதட்டியது. சோஃபி, ஏன் கொன்றீர்கள் என்று கேட்டார். மதாமுக்கு அதற்கும் பதில் இருந்தது. அந்த வீட்டில் எல்லாரும் அவளிடம் காபி வாங்கினார்கள், ஒருத்தர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளாக எவ்வளவு நாள்தான் பொறுப்பாள் என்று பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். கைதட்டல் நின்றுபோனது.

மைக்கைச் சில்வேனிடம் கொடுத்துவிட்டு மதாம் மகனிடம் திரும்பினார். இது ஊருக்குச் சொன்னதல்ல. தூணுக்குப் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது.

"ரொலான், வியாழக்கெழமை நான் வரல. வீட்டையும் எழுதிக் குடுக்கல."

ரொலான் சோஃபியைப் பார்த்தார். சோஃபி மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர், இன்சூரன்ஸ், வயது என்று ஏதாவது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.

"ஏன்?" என்றார். தமிழில்தான் கேட்டார்.

மதாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தார். சொல்லத் தொடங்கினார். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அத்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். வழியெல்லாம் அவள், பைப் பிடித்தவன் அப்புறம் எதற்குச் சிரித்தான் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மகன் தன் அம்மாவைத் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு என் பதினான்கு 'எல்' காரணம். அதை வைத்து ஒரு வீடு நிற்கப்போகிறதா போகப்போகிறதா என்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருக்கும் என்றுதான் போனேன். திறந்திருந்தது. வாசலில் வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவின் கூடை இறங்கியிருந்தது. மதாம் ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது முந்தாநாள் செத்ததுடி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஒளிக்கவும் முடியவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அட்டைப் பெட்டிகள் பிரிந்து கிடந்தன. ரொலானும் சோஃபியும் நேற்று கிளம்பிவிட்டார்கள் என்றார். ஒரு வேலைக்கார அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டு, வாரம் இருமுறை போன் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். அன்று முற்றத்தில் அரைமணி நேரம் பேசினேன், குறுக்கே பேசவே இல்லை அவன் என்றார்.

நான் உண்மையைக் கொட்டிவிட்டேன். 'பெர்சோன்', பஃப்ஸ், பம்பு, பதினான்கு 'எல்' எல்லாவற்றையும். சில்வேன் அடுத்த மாதம் மறுபடி படம் போடப்போகிறார், அதற்குள் எல்லாவற்றையும் திருத்திவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் மதாம் என்றேன். அவர் அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, மீனின் தலையை ஒரே வீச்சில் அறுத்தார்.

"நான் பிரெஞ்சு லிசே ஸ்கூல்ல படிச்சவ, கலா. உன் தப்பு மொத வரிலயே தெரிஞ்சிபோச்சி எனக்கு. வாயத் தொறக்காம உக்காந்து பாத்தேன்." அடுத்த மீனை எடுத்தார். "அந்த 'எல்'லுல கை வெச்சியோ, அடுத்த பொணம் நீதான்."